வீட்டுக்கும் தொழிலுக்கும்

எங்கள் லிவாதே ஊரில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பல வருஷமாகிறது. இளசுகள் எல்லாம் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். இருப்பது கிழடு கட்டைகள்தான். அதனால் ஊரில் நொடித்துப் போகாமல் நடக்கிற தொழில் ஒன்றே ஒன்று, சாவுச் சீட்டு அடிப்பது. செத்தவர் படம், பெயர், வயசு, அடக்கம் எந்நேரம், யார் யார் துக்கப்படுகிறார்கள் என்று போட்டுச் சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டிய தாள். வீட்டுக் கதவில், பஸ் நிறுத்தத்தில், மின்கம்பத்தில், ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாசத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று அது தொடரும். இங்கே யாரும் வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்வதில்லை. சீட்டைப் பார்த்துத்தான் வருவார்கள். சீட்டு இல்லையென்றால் பிணத்துக்குப் பின்னால் பாதிரியாரும் நாயும்தான் நடக்கும்.

அந்தச் சீட்டை அடித்துக் கொடுத்தது தோப்ரியும் அவர் பெண்சாதி வெலிகாவும். தான் வேலை பார்த்த நகராட்சி அச்சகத்தை மூடியபோது தோப்ரி கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இணையக் கடையில் ஒரு லேப்டாப் வாங்கினார். ‘வீட்டுக்கும் தொழிலுக்கும் ஏற்றது’ என்று அதன் பெட்டியிலேயே எழுதியிருந்தது. தொழிலுக்கு என்றால் சாவுச் சீட்டு. வீட்டுக்கு என்றால் மயோர்கா தீவில் ஹோட்டல் அறை துடைக்கிற மகள் ராலிட்சா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் முகம் காட்டிப் பேசுவாள். இரண்டுக்கும் சமையலறை மேஜை ஒன்றுதான்.

வெலிகா கேள்வி கேட்பாள், தோப்ரி தட்டுவார். அதுதான் அவர்கள் வேலை முறை. “பேரு என்ன, வயசு என்ன, சிலுவை வைக்கட்டுமா, இலைக்கிளை வைக்கட்டுமா?” என்று கேட்பாள். பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களுக்குச் சிலுவை ஆகாது, இலைக்கிளைதான். “துக்கப்படறவங்க யாரு யாரு?” என்பது கடைசிக் கேள்வி. அங்கேதான் சண்டை வரும். மருமகள் பேரைப் போடுவதா வேண்டாமா என்று பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இங்கே கட்டிப் புரண்ட குடும்பங்கள் உண்டு.

வெலிகா ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டிருந்தாள். “மனுஷா, என் பிள்ளை முகம் வர்ற பெட்டி இது. இதுக்குள்ள ஊர்ப் பிணத்தையெல்லாம் அடுக்கி வச்சிடாதே. ஒரு சீட்டு போதும். வேலை முடிஞ்சா அது மேலயே அடுத்ததைத் தட்டு.”

தோப்ரியும் அப்படியே செய்தார். நேற்றுச் செத்தவர் பெயரை அழித்து இன்று செத்தவர் பெயர், அவர் படத்தை எடுத்துவிட்டு இவர் படம். லேப்டாப்பில் எந்நேரமும் ஒரே ஒரு சாவு. தட்டியது தானாகவே அதில் பதிந்து அடுத்தது வரும்வரை இருக்கும், அப்புறம் போய்விடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. எதையாவது அழிக்க மறந்தால் பழைய பிணத்தின் மிச்சம் புதிய பிணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை தபால்காரருடைய சீட்டில் அவருக்கு முன் செத்த வாத்தியாரம்மாவின் வயசு நின்றுபோனது. தபால்காரரின் விதவை இன்றுவரை அதைச் சொல்லித் தோப்ரியைத் திட்டுகிறாள், தோப்ரியே போய்ச் சேர்ந்த பிறகும்.

லேப்டாப்பும் சீக்கிரமே கிழடு தட்டிப்போனது. ஒரு பண்டிகைக்குப் பிளம் சாராயம் சிந்தி இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டது. மூடியின் கீல் உடைந்து, திரை பின்னால் சாய்ந்துவிடாமல் ஒரு மிளகாய்த் தொக்கு ஜாடியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். இந்த லட்சணத்தில், அதை விற்ற கடையிலிருந்து வாரம் தவறாமல் அதற்குள்ளேயே கடிதம் வரும். ‘அன்புள்ள தோப்ரி, நீங்கள் வாங்கிய மடிக்கணினி எப்படி இருக்கிறது? உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறோம். வீட்டுக்கு எப்படி? தொழிலுக்கு எப்படி? எத்தனை நட்சத்திரம்?’

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசி முடித்ததும் இருவரும் இதற்கு உட்காருவார்கள்.

“நாலு நட்சத்திரம் போடறேன்” என்பார் தோப்ரி. “கோவேறு கழுதை மாதிரி உழைக்குது. சாராயம் குடிச்சும் நடக்குது. நான்கூட அப்படி நடக்கமாட்டேன்.”

“நீ எப்பவும் நடந்ததில்லை, நான்தான் இழுத்துட்டு வருவேன். மூணு போடு.”

“என்ன குறை கண்ட?”

“பிள்ளை முகம் பாதியில அப்படியே நின்னுடுது. வாயைத் திறந்தபடி. பார்க்கவே பயமா இருக்கு.”

“அது இணையத்தோட குறைடி. பெட்டி என்ன பண்ணும்?”

“பெட்டிக்குள்ளதானே நிக்குது. பெட்டியைத்தான் நான் கேட்பேன். மூணு.”

“தொழிலுக்கு நாலு, வீட்டுக்கு மூணு. அப்ப மூணரை.”

“அரையெல்லாம் அதுல இல்லை.”

அத்தோடு மூடிவைப்பார்கள். கருத்து போகவே இல்லை, கடிதம் வருவதும் நிற்கவில்லை.

பிப்ரவரியில் திராட்சைக் கொடி கவாத்து செய்கிற பண்டிகையன்று தோப்ரி முற்றத்துக் கொடியை வெட்டி, வழக்கப்படி வேரில் ஒயின் ஊற்றி, மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கத்தரியைத் துடைத்தார். “குளிருதுடி, சூப்பைச் சுட வை” என்று வாசலில் நின்று சொன்னார். வெலிகா சூப்பைச் சுட வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் கொடியடியில் உட்கார்ந்திருந்தார். முதலில் களைப்பு என்றுதான் நினைத்தாள். பனி அவர் தொப்பியில் விழுந்து கரையாமல் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊரில் சீட்டு அடிக்க வேறு ஆள் இல்லை. தன் புருஷன் சாவுச் சீட்டைத் தானே அடித்தாள் வெலிகா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது மட்டும்தான். அழிக்கிற பொத்தான், தட்டுகிற இடம், படம் வைக்கிற இடம், அச்சடிக்கிற பொத்தான். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. மருந்துக்கடைக்காரரின் சீட்டு திரையில் இருந்தது. அவரை அழித்துத் தோப்ரியை வைத்தாள். கேள்வி கேட்க ஆளில்லாமல் தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள். சிலுவையா, கிளையா? சிலுவை. துக்கப்படுகிறவர்கள்? மகள் ராலிட்சா. மனைவி வெலிகா.

மகள் விமானத்தில் வந்து அடக்கம் முடித்து, வேலை போய்விடும் என்று நாலாம் நாளே திரும்பினாள். அதற்குப் பிறகு வெலிகா அந்த லேப்டாப்பை அணைக்கவே இல்லை. தொக்கு ஜாடியில் சாய்ந்தபடி தோப்ரி திரையில் இருந்தார். காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்ததும் “எழுந்துட்டேன்” என்பாள். சூப் கொதித்தால் “உப்பு கூடிப்போச்சு” என்பாள்.

சீட்டு அடிக்க ஆட்கள் வந்தார்கள். சாவு நிற்குமா? “கெட்டுப்போச்சு, ஓடலை” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். மாவட்டத் தலைநகருக்குப் போய் அடித்து வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பலசரக்குக் கடை மிக்கா சும்மா இருப்பாளா.

“கெட்டுப்போன பெட்டியில ஞாயித்துக்கிழமை மட்டும் மகள்கூட எப்படிப் பேசற வெலிகா?” என்று கேட்டாள், பாலாடைக்கட்டியை எடை போட்டபடியே.

“வீட்டுக்கு ஓடும். தொழிலுக்கு ஓடாது.”

“நல்ல பெட்டிதான்.”

வெலிகா கட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சீட்டு அடிப்பதுதான் தன் பிழைப்பு என்பது அவளுக்கே தெரியும். அடுத்த சீட்டை அடிக்க வேண்டுமானால் தோப்ரியை அழிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக, தன் விரலால். ‘அது மேலயே தட்டு’ என்று சட்டம் போட்டவளும் அவள்தான். தான் கட்டிய வேலியிலேயே தன் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

மார்ச் பிறந்தது. எங்கள் பக்கம் மார்ச் மாசத்தை மார்த்தா கிழவி என்போம். அவள் சிரித்தால் வெயில், முறைத்தால் பனி. அந்த வருஷம் நன்றாக முறைத்தாள். அவளைச் சாந்தப்படுத்தச் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் திரித்து எல்லாரும் மணிக்கட்டில் கட்டிக்கொண்ட மறுநாளே பனி இறங்கி மலைப்பாதை மூடிப்போனது. அன்றைக்குத்தான் கான்ச்சோவின் அம்மா ராத்கா செத்துப்போனாள்.

கான்ச்சோ ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். பேச்சு காசு கேட்கும் என்பதுபோல வாயைத் திறக்கமாட்டான். ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணிக்கொண்டு போய்விடுவான். அவன் வெலிகாவின் சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பூட்ஸில் பனி அப்பியிருந்தது.

“வெலிகாக்கா, அம்மா போயிட்டா.”

“கடவுள் அவளை மன்னிக்கட்டும்” என்று சாவுக்குச் சொல்கிற வழக்கப்படி சொன்னாள் வெலிகா. “எப்ப?”

“காலையில. ரொட்டி ஏத்திட்டு வந்து பார்த்தேன்.” கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். “நாளைக்கு மதியம் அடக்கம். சீட்டு வேணும்.”

“பெட்டி ஓடலை தம்பி.”

அவன் அவளைத் தாண்டி மேஜையைப் பார்த்தான். தொக்கு ஜாடியில் சாய்ந்து தோப்ரி வெளிச்சமாக இருந்தார்.

“தலைநகருக்குப் போய் அடிச்சுக்கோயேன். வண்டி வச்சிருக்கியே.”

“பாதை மூடிக்கிடக்கு. நாளன்னைக்குத்தான் திறப்பாங்களாம்.”

“கையால எழுதி ஒட்டு.”

“எழுதினேன்.” சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். ரொட்டிக்கடை ரசீதின் பின்பக்கம். கோணல் எழுத்து. “இதை ஒட்டினா, வண்டி விற்பனைக்குன்னு நினைப்பாங்க. சட்டை ஆலையில முப்பது வருஷம் காலர் தைச்சவக்கா. ஊர்ல பாதிப் பேரு கழுத்துல அவ கை பட்டிருக்கு. யாருமே வராம குழியில போட்டா…”

வெலிகா அவனை உட்காரச் சொன்னாள். அவனுக்கு முன்னால் பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வைத்தாள். அது அவன் கொண்டுவந்த ரொட்டிதான். அழிக்காமல் அடிக்க வழி உண்டா என்று கேட்கப் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டாள், மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். கான்ச்சோ சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

“சூப்பைக் குடி. ஆறிப்போகும்.”

“நீங்க கஷ்டப்பட வேணாக்கா. நான் போறேன்.”

“உட்காருன்னு சொன்னேன்ல.”

மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது தோப்ரியின் நாற்காலி. அவர் முகத்தைப் பார்த்தாள். முற்றத்துக் கொடியடியில் போன கோடையில் எடுத்த படம். வெயில் கண்ணில் பட்டு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். “என்னைத் திட்டாதே மனுஷா” என்றாள். கான்ச்சோ தலையைக் குனிந்துகொண்டான்.

“முழுப் பேரு சொல்லு.”

சொன்னான். அவள் அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தாள். பெயர் பின்பக்கமிருந்து குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஓர் எழுத்து நின்றபோது விரல் இறங்கவில்லை. அதைப் பார்த்தபடியே இருந்தாள். முப்பத்தைந்து வருஷம் கூப்பிட்ட பெயர். அப்புறம் அழுத்தினாள்.

“வயசு?”

“எழுபத்தொம்போது.”

“சிலுவையா, கிளையா?”

“சிலுவை. ஆலையில கட்சிக்காரங்க கேட்டப்பவும் அவ சிலுவையைக் கழட்டலை.”

கான்ச்சோ தன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். அதை லேப்டாப்புக்குள் கொண்டுவர இருவரும் சேர்ந்து பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும். அன்றைக்கு இருவருக்கும் வரவில்லை. ராத்காவின் முகம் வந்து உட்கார்ந்ததும் தோப்ரியின் ஒற்றைக்கண் சிரிப்பு போய்விட்டது.

“துக்கப்படறவங்க?”

“மகன் கான்ச்சோ.”

“அப்புறம்?”

“அப்புறம் யாருக்கா? அண்ணன் எங்க இருக்கான்னே தெரியாது. நான்தான்.”

“ஒத்தைப் பேரா நிக்குமே.”

“ஒத்தையாத்தானே நிக்கறேன்.”

வெலிகாவுக்குக் கண் நிறைந்து எழுத்தெல்லாம் நீந்தியது. மகள் பெயர் இருந்த இடத்தை அழித்து மகன் கான்ச்சோ என்று தட்டினாள். கையும் ஓடவில்லை, கண்ணும் ஓடவில்லை. அச்சடிக்கிற பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளினாள். தாள் ஒவ்வொன்றாக விழுந்தது. கான்ச்சோ அதை அடுக்கி, பனியில் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான். லேப்டாப்பை அன்றைக்குத்தான் முதல்முறையாக அணைத்தாள்.

மறுநாள் காலை ரொட்டிக்கடைக்குப் போனபோது சுவரில் ராத்கா ஒட்டியிருந்தாள். மிக்கா அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெலிகாவைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டாள். மிக்கா வழி விடுகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது.

கீழே, துக்கப்படுகிறவர்கள் என்ற இடத்தில் மகன் கான்ச்சோ என்று இருந்தது. அதற்கு அடியில் வெலிகா என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தையை யாரோ பேனாவால் பட்டையாக அடித்திருந்தார்கள். அடித்தாலும் அச்சு மை கீழே தெரிந்தது. மனைவி.

வெலிகா கிட்டே போய் மறுபடி படித்தாள்.

“எல்லா இடத்துலயும் அடிச்சிருக்கான்” என்றாள் மிக்கா, வழக்கமான குத்தல் இல்லாமல். “பஸ் நிறுத்தத்துல பார்த்தேன், கம்பத்துல பார்த்தேன். ஒண்ணு விடாம அந்த ஒத்தை வார்த்தையை மட்டும். உன் பேரை விட்டுட்டான்.”

வெலிகா ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்து கறுப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனாள். கூட்டம் வந்திருந்தது. சட்டை ஆலைக் கிழவிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பனிச்சேற்றில் நடந்து வந்திருந்தார்கள். பாதிரியார் ஓதி முடித்ததும் வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். கான்ச்சோதான் ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தான். வெலிகா முன்னால் வந்து நின்றான்.

“கடவுள் அவளை மன்னிக்கட்டும்” என்றாள் வெலிகா. பிறகு, “என்னை மன்னிச்சிடு தம்பி. கண்ணு தெரியலை. உன் அம்மா சீட்டை அசிங்கப்படுத்திட்டேன்.”

“பார்த்தேன்க்கா. வண்டியில ஏறினதுமே பார்த்தேன்.”

“திரும்பி வந்திருக்கலாமே. வேற அடிச்சுக் கொடுத்திருப்பேனே.”

கான்ச்சோ கிண்ணத்துக்குள் கரண்டியைத் திருப்பினான். “வந்திருந்தா நீங்க அதையும் அழிச்சிருப்பீங்க” என்றான். “உங்க வீட்டுக்காரர் சீட்டுல அது மட்டும்தானே மிச்சம் இருந்துச்சு. உங்க பேரை அடிக்க எனக்குக் கையே வரலை. அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்கம்மாவுக்குப் பொருந்தாது, அதனால அடிச்சேன்.” கோதுமையை அவள் கையில் வைத்தான். “ஒத்தைப் பேரா நிக்குமேன்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டா நிக்கட்டும்.”

வெலிகா அத்தனை பேர் முன்னால் அழுதாள். தோப்ரி அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு மகளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஐயோ அம்மா, வேற பேர்ல தனியா சேமிச்சு வச்சிருக்கலாமே. ரெண்டு பொத்தான்தான். அப்பா சீட்டு அப்படியே இருந்திருக்கும்” என்றாள்.

“ரெண்டு பொத்தானா?”

“ஆமாம்மா.”

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? அச்சகத்துல இருந்தவரு.”

தெரிந்தும் அத்தனை வருஷம் அவள் போட்ட சட்டத்தை அந்த மனுஷன் மீறவே இல்லை. அதை நினைத்ததும் மனசு தாங்கவில்லை.

“அம்மா, அந்தக் குப்பையைத் தூக்கிப் போடு. புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பறேன்.”

“வேணாம்.”

“கீல் உடைஞ்சு, எழுத்து ஒட்டி…”

“வேணாம்னு சொன்னேன் ராலி.”

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே திரையில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு வெலிகா அழைப்பைத் துண்டித்தாள். அப்போது கடைக் கடிதம் வந்து நின்றது. ‘அன்புள்ள தோப்ரி, உங்கள் கருத்துக்காக இன்னும் காத்திருக்கிறோம்.’ வெலிகா நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால், முதல்முறையாகப் பதில் தட்டினாள்.

‘தோப்ரி இறந்துவிட்டார். இருந்தால் நாலு நட்சத்திரம் போடுவார். நான் மூன்று என்பேன். அவர் சொன்னதையே போட்டுவிடுகிறேன். பெட்டி உழைக்கிறது, சாராயம் சிந்தியும் ஓடுகிறது. மகள் முகம் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒன்றே போதும் என்று நாங்கள் நினைத்தோம். வாங்குகிறவர்கள் முடிந்தால் இரண்டு வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு பொத்தான் இருக்கிறதாம், அதை முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். வெலிகா.’

அனுப்பிய கையோடு பதில் வந்தது. ‘நன்றி தோப்ரி. உங்கள் கருத்து மற்றவர்களுக்கு உதவும்.’

மார்ச் கடைசியில் மார்த்தா கிழவி சிரித்துவிட்டாள். பிளம் மரங்கள் பூத்தன. மணிக்கட்டு நூலை அவிழ்த்து ஊரார் கிளைகளில் கட்டிவிட்டார்கள். தோப்ரிக்கு நாற்பதாம் நாள் வந்தது, அதற்கும் சீட்டு ஒட்ட வேண்டும். வெலிகா லேப்டாப்பைத் திறந்து தொக்கு ஜாடியில் சாய்த்து வைத்தாள். ராத்காவுக்குப் பிறகு ஊரில் யாரும் சாகவில்லை, அதனால் அவள்தான் திரையில் இருந்தாள். “போய் வா ராத்கா, கடவுள் உன்னை மன்னிக்கட்டும்” என்று சொல்லி அழிக்க ஆரம்பித்தாள். அவள் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைத் தட்டினாள். வயசை மாற்றினாள். ஒற்றைக்கண் சுருக்கிய படத்தை வைத்தாள். மகன் கான்ச்சோவை எடுத்துவிட்டு மகள் ராலிட்சாவைப் போட்டாள்.

பிறகு அடுத்த வரிக்கு வந்தாள். அவள் விரல் பழக்கத்தில் அழிக்கிற பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது. மனைவி வெலிகா என்று அது ஏற்கெனவே இருந்தது. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.